தைல வாசமும் மலையின் நீரும்

'கொங்கு' என்னும் சொல்லுக்கு நறுமணம், பூந்தாது, தேன் என்றெல்லாம் பொருளுண்டு. அப்பெயர் தாங்கிய நம் நாட்டில் இன்று ஆறுதலின் மணமாக விளங்குவது அகிலுமன்று, சந்தனமுமன்று; யூகலிப்டஸ் தைலம். தலைபாரமென்றால் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகர்வது நம் வீடுகளின் வழக்கம். மாணவரோடு உதகைக்குச் செல்லும்போது, பேருந்து குன்னூரைத் தாண்டியதும் "ஊட்டி வாசம்!" என்று அவர்கள் முகம் மலர்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆனால் அந்த வாசம் மலைக்குரியதன்று. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்குச் சென்றபின் அங்கே ஆங்கிலேயர் குடியேற்றம் பெருகியது. விறகுக்காகச் சோலைகள் வெட்டப்பட்டன. 1843இல் கேப்டன் காட்டன் இந்த ஆஸ்திரேலிய மரத்தை அங்கு அறிமுகப்படுத்தினார். 1850களின் நடுவிலிருந்து விறகுத் தேவைக்காக அது தோட்டந்தோட்டமாக நடப்பட்டது. இலைகளை ஆவியில் வடித்துத் தைலம் எடுக்கும் தொழில் பின்னர் வந்தது. இன்று வடமொழிகள் சிலவற்றில் அம்மரத்தின் பெயரே 'நீலகிரி'. வந்தேறி மரம் மலையின் பெயரையே எடுத்துக்கொண்டது!

மணம் மனத்தை எவ்வாறு தேற்றுகிறது? தைலத்தின் முதன்மைக் கூறாகிய சினியோல் மூக்கில் குளிர்ச்சியுணர்வைத் தூண்டுகிறது. எஞ்சியது நினைவின் வேலை. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் இடைநிலையமான தலாமசைக் கடந்தே மேலே செல்ல, மணம் மட்டும் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேரே எட்டுகிறது. 1937இல் 'அரோமாதெரபி' என்ற பெயரில் நூல் எழுதிய பிரெஞ்சு வேதியியலார் கத்தஃபோசே தைலங்களின் மருத்துவ ஆற்றலை ஆராய்ந்தார். நம் வீட்டிலோ அந்த ஆற்றலில் பாதி, காய்ச்சலின்போது நெற்றியில் தைலம் தடவிய அன்னையின் கையிலிருந்து வந்தது. ஆகவே இந்த அமைதி இயற்கை தந்ததன்று, நாம் பழகிக்கொண்டது.

பழகிக்கொண்டதற்கு விலையும் உண்டு. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் பல தைலமரக் காடுகளாயின. அப்புல்வெளிகளும் சோலைகளும் தேக்கிக் கசியவிடும் நீரே ஓடைகளாகிப் பவானியைச் சேர்கிறது. உதகை மண்வளப் பாதுகாப்பு ஆய்வு மையம் கிளென்மார்கனில் நடத்திய நெடுங்கால ஆய்வு, தைலமரம் நட்ட நீர்ப்பிடிப்பில் ஓடைநீர் குறைந்ததைக் காட்டியது.

புல்வெளிகளை மீட்க வேண்டுமென்னும் குரல் எழும்போது, "மரம் போனால் ஊட்டியின் வாசமும் போகுமே" என்று நம் மனம் தயங்கலாம். அந்தத் தயக்கத்தின் வயது இருநூறு ஆண்டுகூட இல்லை. நினைவைத் தைலப்புட்டியில் வைத்துக்கொள்ளலாம். பவானியின் நீரை எந்தப் புட்டியில் வைப்பது?