ஷோகுன்: தளபதிப் பட்டம் தொட்டிலுக்கு வந்த கதை

ஜப்பானிய மொழியில் 'ஷோகுன்' என்றால் படைத்தலைவர். முழுப் பட்டம் 'செய்இ தைஷோகுன்', அதாவது அயலாரை அடக்கும் பெருந்தளபதி. அயலார் எனப்பட்டவர்கள் ஹோன்ஷு தீவின் வடகிழக்கில் வாழ்ந்த எமிஷி மக்கள். அவர்களோடு போரிட அரசவை அனுப்பிய தளபதிகளுக்கு இப்பட்டம் தரப்பட்டது. 797இல் இதைப் பெற்ற சகானோஉவே தமுராமரோ களத்தில் நின்று போரிட்டவர். அக்காலத்தில் இது போருக்கென்று தரப்பட்ட பொறுப்புதான். பரம்பரைச் சொத்து அல்ல.

1192இல் மினமோத்தோ யோரிதோமோ இப்பட்டத்தைப் பெற்றதும் பொருள் மாறியது. காமகுராவிலிருந்து போர்வீரர்களை ஆண்ட அவருக்குப் பின் பட்டம் அவர் மகன்களுக்குப் போயிற்று. இளைய மகன் சனேதோமோ 1219இல் சுருகஓகா ஹாச்சிமான் கோயிலில் சொந்த அண்ணன் மகனாலேயே வெட்டுண்டு இறந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை.

யோரிதோமோவின் மனைவி மசாகோவும் அவர் பிறந்த ஹோஜோ குடும்பமும் அரச குலத்து இளவரசர் ஒருவரைக் கேட்டார்கள். முன்னாள் பேரரசர் கோதோபா மறுத்துவிட்டார். கடைசியில் கியோத்தோவின் குஜோ குடும்பத்திலிருந்து ஒன்றரை வயதுக் குழந்தை காமகுராவுக்கு வந்தது. யோரிதோமோவின் சகோதரி வழியில் வந்த கொள்ளுப்பேரன் என்பதே அதன் தகுதி. புலி ஆண்டில் பிறந்ததால் புலிப் பெயர் பெற்றிருந்த அந்தக் குழந்தைதான் பின்னாளில் யோரித்சுனே.

1226இல், எட்டு வயதில், யோரித்சுனே ஷோகுன் ஆனார். பன்னிரண்டு வயதில் அவருக்கு மணம் முடித்தார்கள். மணமகள் யோரிதோமோவின் பேத்தி. அவரைவிடச் சுமார் 15 வயது மூத்தவர். நான்கே ஆண்டுகளில் அவர் பிரசவத்தில் இறந்தார். யோரித்சுனே பெயரளவில்தான் ஷோகுன். சட்டம் இயற்றியது, தீர்ப்புச் சொன்னது எல்லாம் 'ஷிக்கென்' பதவியிலிருந்த ஹோஜோக்கள். அச்சொல்லுக்கே அதிகாரத்தைக் கையில் பிடித்திருப்பவர் என்றுதான் பொருள். 1232இல் வந்த 51 விதிகள் கொண்ட சட்டத் தொகுப்பு ஷிக்கென் யாசுதோகியின் ஆக்கம்.

பொம்மையாக இருக்க வந்தவர் வளர்ந்து ஆளானார். ஹோஜோக்களைப் பிடிக்காத பிரபுக்கள் அவரைச் சுற்றிச் சேர்ந்தார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்கியது. 1244இல் பட்டத்தை ஐந்து வயது மகன் யோரித்சுகுவுக்கு விட்டுக்கொடுக்க வைத்தார்கள். 1246இல் சதிக் குற்றம் சாட்டி, ஷிக்கென் தோகியோரி அவரைக் கியோத்தோவுக்கே திருப்பி அனுப்பினார். 1252இல் மகனும் நீக்கப்பட்டார். முன்பு கேட்டு மறுக்கப்பட்டது இப்போது நடந்தது: அரச குலத்து இளவரசர் ஒருவர் ஷோகுனாக வந்தார்.

1256இல் யோரித்சுனேயும் மகன் யோரித்சுகுவும் இறந்தார்கள். அதே ஆண்டில் தோகியோரி ஷிக்கென் பதவியை விட்டுத் துறவு பூண்டார், ஆனால் ஆட்சியை விடவில்லை. அதன்பின் 'ஷிக்கென்' என்ற பட்டமும் வெறுமையாகி, உண்மையான அதிகாரம் 'தோகுசோ' எனப்பட்ட ஹோஜோ குடும்பத் தலைவரிடம் சேர்ந்தது.