ஹோம்ஸ், ஆர்தர் (1890–1965)

பாறை அடுக்குகளுள் எது முந்தியது, எது பிந்தியது என்ற கிரமத்தை மட்டும் அறிந்து, அவற்றின் வயதை எண்ணால் கூற இயலாதிருந்த பூகர்ப்ப சாஸ்திரத்துக்குக் காலக்கணக்கை வகுத்தளித்தவர்களுள் முதன்மையான ஆங்கில அறிஞர். வடகிழக்கு இங்கிலாந்தில் பிறந்தவர். வீட்டிலிருந்த பைபிளில் சிருஷ்டியின் ஆண்டு கி.மு. 4004 என்று அச்சிட்டிருக்க, நாலாயிரத்துக்கு மேல் அந்த உதிரி நான்கு ஏன் என்று பிள்ளைப் பருவத்திலேயே மயங்கியதாக அவரே பின்னாளில் எழுதியுள்ளார்.

லண்டனில் பௌதிகம் பயிலச் சென்று, பூகர்ப்பத்தில் மனம் பற்றிய ஹோம்ஸ், ஸ்ட்ரட் என்னும் பேராசிரியரின் கீழ் ஆராய்ச்சி செய்தார். யுரேனியம் சிதைந்து ஈயமாகும் வேகம் வெப்பத்தாலோ அழுத்தத்தாலோ மாறுவதில்லையாதலால், கனிமத்தில் அவ்விரண்டும் உள்ள விகிதமே அதன் வயதைக் காட்டும் என்பது அவருடைய முறையின் அடிப்படை. அவ்வாறு நார்வே நாட்டு டெவோனியக் காலப் பாறையொன்றுக்கு 37 கோடி ஆண்டுகளும், இலங்கைப் பாறையொன்றுக்கு 164 கோடி ஆண்டுகளும் கணித்து 1911இல் வெளியிட்டார். பூமிக்கு இரண்டு முதல் நான்கு கோடி ஆண்டுகளே வயது என்று பௌதிக அறிஞர் கெல்வின் பிரபு 1897இல் விதித்திருந்ததை நினைத்தால், இருபத்தொரு வயது மாணவரின் துணிவு விளங்கும். ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட வகைகளான ஐசோடோப்புகள் அறியப்படாத நாளில் கணித்தவையாதலின் அந்த எண்கள் திருத்தத்துக்கு உரியவையே. எனினும் முறை நிலைத்தது.

1911ஆம் ஆண்டிலேயே கனிமம் தேடி மொசாம்பிக் சென்று, கொடிய மலேரியாவுக்கு ஆளாகி, இறந்துவிட்டார் என்ற தந்தி ஊருக்கு எட்டிய பின்னரும் பிழைத்துத் திரும்பியவர், 1913இல் ‘பூமியின் வயது’ என்ற நூலை வெளியிட்டார். 1920இல் எண்ணெய்க் கம்பெனி உத்தியோகத்தில் பர்மாவுக்குப் போனது பெருந்துயரில் முடிந்தது. கம்பெனி நொடித்தது, சிறு மகன் சீதபேதியால் இறந்தான். 1924இல் டர்ஹாம் சர்வகலாசாலை அவரை ஏற்றது. 1943இல் எடின்பரோவில் பேராசிரியரானார்.

பாறையின் வயதைக் காட்டும் கதிரியக்கமே பூமியின் உள்ளே வெப்பத்தையும் பிறப்பிக்கிறது என்பதைப் பற்றிக்கொண்டு, அவ்வெப்பத்தால் கண்டங்களுக்கு அடியிலுள்ள பொருள் மெல்லச் சுழன்று அவற்றை இழுத்துச் செல்லக்கூடும் என்று 1927இல் எடின்பரோவில் எடுத்துரைத்தார். வெகனரின் கண்ட நகர்வுக் கொள்கையை அறிஞர் பலர் பரிகசித்த காலம் அது. ஹோம்ஸின் கீர்த்திக்கு வயதுக் கணக்கைவிட இதுவே பெரிய காரணம் எனலாம்.

தம் கணக்கைத் தாமே திருத்துவதில் அவர் சலித்ததில்லை. 1947இல் வெளியிட்ட காலவரிசையை 1959இல் மீண்டும் மாற்றியமைத்தார். பூமியின் வயதை ஏறத்தாழ 335 கோடி ஆண்டுகள் என்று அவர் நிறுத்தியதை, 1956இல் பாட்டர்சன் என்னும் அறிஞர் 455 கோடியாக உயர்த்தினார். 1944இல் வெளியான ஹோம்ஸின் பூகர்ப்பப் பாடநூலின் விரிவான இரண்டாம் பதிப்பு 1965இல் வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 20 அன்று லண்டனில் காலமானார்.