ஒரே இயர்போன்: வாப்பாவுக்கு ஒரு சத்தம், மகனுக்கு ஒரு சத்தம் – ஏன்?

கல்முனையில் ஒரு வீட்டில் வாப்பாவும் மகனும் ஒரே இயர்போனை மாறி மாறிப் போட்டுப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். "நல்ல தெளிவு" என்கிறார் மகன். "ஒண்டும் விளங்குதில்ல மகன், கூட்டிவிடு" என்கிறார் வாப்பா. இருவர் சொல்வதும் உண்மையே.

முதற் காரணம் காதின் அமைப்பு. ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் நீளமான காதுக் குழாயின் அளவும் வளைவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். இயர்போனின் றப்பர் முனை சரியாகப் பொருந்தாவிட்டால் தாழ்ந்த ஒலிகள் வெளியே கசிந்து, பாட்டு மெலிந்து கேட்கும்.

இரண்டாவது, காது பட்ட பாடு. இளம் காது 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளைக் கேட்கும். வயது ஏறும்போது உயர்ந்த ஒலிகளே முதலில் மங்குகின்றன. ஷெல், துப்பாக்கி வெடிகளும், நாள் முழுதும் கேட்கும் படகு இயந்திரம், மின்தறி இரைச்சலும் 4,000 ஹேர்ட்ஸை அண்டிய பகுதியையே பெரும்பாலும் முதலில் தாக்கும். கிழிந்த செவிப்பறை பல வேளைகளில் ஆறிவிடும். ஆனால் உட்காதில் அழிந்த மயிர்க்கலங்கள் திரும்ப வளர்வதில்லை. 'ஸ', 'ஷ', 'ஃப' போன்ற ஓசைகள் உயர்ந்த ஒலிகளில் தங்கியிருப்பதால், இப்படிப்பட்டவருக்குக் குரல் கேட்கும், சொல் விளங்காது. சத்தத்தைக் கூட்டினால் காது கூசும்.

மூன்றாவது பழக்கம். யுத்த காலத்தில் சிற்றலை வானொலியில் பிபிசி தமிழோசை கேட்டவர்களுக்கு, உயர்ந்த ஒலிகள் குறைந்த அந்தக் குரலே இயல்பானது. புதிய இயர்போனின் கூர்மை அவர்களுக்குக் குத்தலாகப் படலாம். கைபேசியோடு வளர்ந்தவருக்கோ பழைய வானொலி மங்கலாகத் தோன்றும்.

விளங்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான் ஆபத்து. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணித்தியாலம், 90 டெசிபல் என்றால் 4 மணித்தியாலம் மட்டுமே பாதுகாப்பானது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒரு காதில் மட்டும் குறைவாகக் கேட்கிறதா? இரவில் காதுக்குள் இரைகிறதா? ஆட்கள் கூடிய இடத்தில் பேச்சு விளங்கவில்லையா? காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டி, செவிப்புலன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அருகில் ஷெல் விழுந்த அனுபவம் இருந்தால், எத்தனை வருடமானாலும் அதையும் சொல்லுங்கள்.

யுத்தம் 2009இல் முடிந்தது. அது காதில் விட்டுச்சென்ற காயம் வெளியே தெரிவதில்லை. கூப்பிட்டும் வாப்பா திரும்பிப் பார்க்காதபோது, கோபிக்குமுன் இதை ஒருதரம் நினைத்துக்கொள்வோம்.