அமெரிக்க வழக்கறிஞர்களின் கட்டாயத் தொடர்கல்வி

கட்டாயத் தொடர் சட்டக் கல்வி என்பது, வழக்கறிஞராகப் பதிவு பெற்ற ஒருவர் தம் உரிமத்தைத் தக்கவைத்துக்கொள்ளக் குறிப்பிட்ட கால இடைவெளியில் குறிப்பிட்ட மணி நேரம் சட்ட வகுப்புகளில் கலந்துகொள்ள வேண்டும் என்னும் விதியாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1975 ஆம் ஆண்டு மின்னசோட்டா மாநிலம் இதனை முதன்முதலாகக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் அயோவா மாநிலமும் சேர்ந்துகொண்டது. இன்று பெரும்பாலான மாநிலங்களில் இவ்விதி உள்ளது. எனினும் நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்துவது அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு என்பதால் மணிக்கணக்கும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது.

விரும்பியவர் படித்த காலம்

கட்டாயம் வருவதற்கு முன்பே தொடர்கல்வி இருந்தது. பெரும் பொருளாதார மந்தம் நிலவிய 1933 இல் நியூயார்க்கில் ஹெரால்டு செலிக்சன் என்பவர் இளம் வழக்கறிஞர்களுக்காக வகுப்புகளைத் தொடங்கினார். சட்டக் கல்லூரி கோட்பாட்டைக் கற்பித்ததே தவிர, ஓர் ஆவணத்தை எழுதுவது எப்படி, ஒரு வழக்கை நடத்துவது எப்படி என்பவற்றைக் கற்பிக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இவ்வகுப்புகள் தோன்றின. அவ்வமைப்பு பிராக்டிசிங் லா இன்ஸ்டிடியூட் என்னும் பெயரில் இன்றும் இயங்குகிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இந்தத் தேவை பெருகியது. பல ஆண்டுகள் போர்முனையில் இருந்துவிட்டுத் திரும்பிய வழக்கறிஞர்கள், தாங்கள் விட்டுச் சென்ற வரிச் சட்டமும் அரசு நிர்வாகச் சட்டமும் பெரிதும் மாறியிருப்பதைக் கண்டனர். 1947 இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கமும் அமெரிக்கச் சட்டக் கழகமும் இணைந்து நாடு தழுவிய தொடர்கல்வித் திட்டத்தைத் தொடங்கின. 1958 இல் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஆர்டன் ஹவுஸ் மாளிகையில் நடந்த மாநாடு, திறமையோடு தொழில் பொறுப்புணர்வையும் தொடர்கல்வியின் நோக்கமாக வைத்தது. ஆயினும் வர விரும்பியவர் வந்தனர், விரும்பாதவர் வரவில்லை. யாருக்கு வகுப்பு மிகவும் தேவையோ அவரே வராமல் இருந்திருக்கவும் கூடும். விருப்பக் கல்வியில் எப்போதும் இருக்கும் குறை இது.

1973: நம்பிக்கை குலைந்த ஆண்டு

கட்டாயம் என்ற எண்ணம் வலுப்பெற்றதற்கு 1970களின் சூழலே முக்கியக் காரணம். 1973 இல் அமெரிக்கத் தலைமை நீதிபதி வாரன் பர்கர், நியூயார்க்கின் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், முக்கிய வழக்குகளில் வாதாட வரும் வழக்கறிஞர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை அதற்குரிய தகுதி பெற்றவர்கள் அல்லர் என்ற கருத்தை வெளியிட்டார். இது அவருடைய மதிப்பீடுதான், கணக்கெடுத்துச் சொன்னதன்று. வழக்கறிஞர்கள் பலர் கொதித்தனர். ஆனால் நாட்டின் தலைமை நீதிபதியே சொன்ன பிறகு அதை அலட்சியம் செய்ய முடியவில்லை.

அதே ஆண்டில் வாட்டர்கேட் விசாரணை நடந்துகொண்டிருந்தது. அதில் சிக்கியவர்களுள் பலர் வழக்கறிஞர்கள். அதிபர் நிக்சன் வழக்கறிஞர். அவருடைய அட்டர்னி ஜெனரலாக இருந்த ஜான் மிட்செலும் வெள்ளை மாளிகை ஆலோசகர் ஜான் டீனும் வழக்கறிஞர்கள். சட்டம் படித்தவர்களே சட்டத்தை மீறியதைப் பொதுமக்கள் தொலைக்காட்சியில் பார்த்தனர். 1974 இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், தன் அங்கீகாரம் பெற்ற சட்டக் கல்லூரிகள் தொழில் ஒழுக்கத்தைக் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்றது. பின்னாளில் பல மாநிலங்கள் தொடர்கல்வியிலும் தொழில் ஒழுக்கத்துக்கெனத் தனியாகச் சில மணி நேரத்தை ஒதுக்கின.

இப்பின்னணியில்தான் மின்னசோட்டா உச்ச நீதிமன்றத்தின் விதி வந்தது. (தலைமை நீதிபதி பர்கரும் அம்மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் பிறந்தவரே.) மூன்று ஆண்டுகளில் 45 மணி நேரம் என்பது அதன் கணக்கு. அயோவாவில் ஆண்டுக்கு 15 மணி நேரம். தவறியவர் தொழில் செய்யும் உரிமையை இழக்க நேரிடும்.

நீதிமன்றம் சென்ற வழக்கறிஞர்கள்

பிறருக்காக வாதாடுபவர்கள் தங்களுக்காக வாதாடாமல் இருப்பார்களா? கொலராடோ மாநில விதியை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றம் 1982 இல் ஏற்கவில்லை. மேல்முறையீட்டிலும் 1983 இல் அதே முடிவுதான்.

கலிபோர்னியாவில் நடந்த வழக்கு இதைவிடச் சுவையானது. அங்கு 1992 முதல் 36 மாதங்களில் 36 மணி நேரம் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் ஓய்வுபெற்ற நீதிபதிகள், மாநிலத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள், முழுநேரச் சட்டப் பேராசிரியர்கள் ஆகியோருக்கு விலக்கு தரப்பட்டது. விதிக்கு இணங்க மறுத்த வார்டன் என்ற வழக்கறிஞர், சமத்துவ உரிமைக்கு இது எதிரானது என்று வழக்குத் தொடர்ந்தார். எல்லா வழக்கறிஞர்களும் படித்தால்தான் மக்களுக்குப் பாதுகாப்பு என்றால், சிலர் மட்டும் படிக்காமல் இருக்கலாம் என்பது எப்படி? 1997 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1999 இல் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி விதியை நிலைநிறுத்தியது. விலக்குப் பெற்றவர்கள் கட்சிக்காரர்களுக்காக முழுநேரமும் வழக்காடுபவர்கள் அல்லர் என்று சட்டமன்றம் கருதியதில் நியாயம் உண்டு என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. வழக்கில் விதி வென்றாலும், மணிக்கணக்கு 36 இலிருந்து 25 ஆகக் குறைக்கப்பட்டது.

மணி நேரமா, கல்வியா?

ஒரு மணி நேரம் என்பதுகூட எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மின்னசோட்டாவில் அது 60 நிமிடம், நியூயார்க்கில் 50 நிமிடம். பள்ளியின் பாடவேளைக் கணக்கு அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. நியூயார்க் மாநிலம் 1990களின் இறுதியில்தான் கட்டாயத்துக்கு வந்தது. அனுபவம் உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 24 மணி நேரம், புதியவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் 32 மணி நேரம். பதிவு செய்யப்பட்ட வகுப்பைக் கணினியில் பார்ப்பவர் உண்மையாகவே பார்த்தாரா என்று அறிய அங்கு ஒரு வழி உண்டு. வகுப்பின் நடுவே ஒரு குறியீடு சொல்லப்படும். அதைக் குறித்து உறுதிமொழிப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். காது விழித்திருந்ததற்கு அது சான்று. மனம் விழித்திருந்ததற்குச் சான்று எது என்பதுதான் தொடக்கம் முதல் எழுந்துவரும் கேள்வி.

இக்கட்டுரையாளரும் ஆசிரியப் பணியில் இருந்தபோது பணியிடைப் பயிற்சிகளுக்குச் சென்றவர். காலையில் ஒரு கையெழுத்து, மாலையில் ஒரு கையெழுத்து. நடுவில் என்ன கற்றீர்கள் என்று எவரும் கேட்டதில்லை. ஆனால் அவற்றுள் சில வகுப்பறையில் நன்கு கைகொடுத்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு வழக்கைத் தொடுக்க வேண்டிய காலவரம்பு மாறியிருப்பதை வழக்கறிஞர் அறியாவிட்டால், அவருடைய கட்சிக்காரரின் உரிமை முற்றிலும் போய்விடலாம். தம் வழக்கறிஞர் புதிய சட்டத்தை அறிந்தவரா என்பதைச் சோதிக்கும் வழி அந்தக் கட்சிக்காரருக்கு இல்லை. கட்டாயத்தை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இது. வருகையை அளப்பதால் திறமை கூடியது என்று எவரும் தெளிவாக நிறுவவில்லை என்பது எதிர்ப்பவர்களின் வாதம். இரண்டிலும் உண்மை இருப்பதால்தான் மாநிலங்கள் வெவ்வேறு வழியில் சென்றன. மாசசூசெட்ஸ், மேரிலாந்து போன்றவை இன்றும் மணிக்கணக்கைக் கட்டாயமாக்கவில்லை. மிச்சிகன் புதிய வழக்கறிஞர்களுக்கு மட்டும் கட்டாயமாக்கிப் பார்த்து, 1990களில் கைவிட்டது. புளோரிடாவோ 2017 முதல் தொழில்நுட்பத்துக்கென மூன்று மணி நேரத்தைப் புதிதாகச் சேர்த்தது.

இங்கிலாந்தும் வேல்சும் வேறு முடிவுக்கு வந்தன. அங்குள்ள சொலிசிட்டர்களுக்கு ஆண்டுக்கு 16 மணி நேரம் என்றிருந்த விதி 2016 நவம்பரில் நீக்கப்பட்டது. இப்போது அவர்கள் தம் வேலையில் எங்கே குறை உள்ளது என்று தாமே ஆராய்ந்து, அதற்கேற்பக் கற்று, அதைப் பதிவு செய்துவைக்க வேண்டும். மின்னசோட்டாவிலோ மூன்று ஆண்டுகளுக்கு 45 மணி நேரம் என்ற பழைய கணக்கே இன்றும் தொடர்கிறது.