மெட்ராஸ் ஐ

மெட்ராஸ் ஐ என்பது, கண்ணின் வெண்பகுதியையும் இமைகளின் உட்புறத்தையும் போர்த்தியுள்ள விழிவெண்படலம் என்னும் மெல்லிய சவ்வில் தீநுண்மத் தொற்றால் ஏற்படும் அழற்சிக்குத் தமிழகத்தில் வழங்கும் பெயர் ஆகும். மருத்துவ நூல்கள் இதனை விழிவெண்படல அழற்சியின் ஒரு வகையாகக் கூறுகின்றன. ஊர்ப்புறங்களில் கண்வலி என்பதே வழக்கு. கண் சிவத்தல், நீர் வடிதல், மணல் விழுந்தது போன்ற உறுத்தல், காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளுதல் ஆகியன இதன் அடையாளங்கள். பெரும்பாலோருக்கு ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் இது தானே குணமாகிவிடும். பார்வைக்குக் கேடு நேர்வது பெரும்பாலும் இந்நோயால் அன்று. இந்நோய் என்று தவறாகக் கருதப்படும் வேறு நோய்களாலும், மருத்துவரைக் காணாமல் வாங்கி இடப்படும் மருந்துகளாலுமே ஆகும்.

பெயர்க் காரணம்

இந்நோய் 1918இல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது என்றும், அதனாலேயே இப்பெயர் வந்தது என்றும் நோய் பரவும் காலங்களில் நாளிதழ்கள் எழுதுவதுண்டு. சில செய்திகள் அவ்வாண்டில் அடினோ தீநுண்மமே அங்கு கண்டறியப்பட்டதாகக் கூறும். இது பொருந்தாது. அத்தீநுண்மம் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது 1953இல், அமெரிக்காவில் ஆகும். நோயும் சென்னைக்கு மட்டும் உரியதன்று. கண்வலியைத் தொடர்ந்து கருவிழியில் சிறு புள்ளிகள் தோன்றுவதை வியன்னாவில் எர்ன்ஸ்ட் ஃபூக்ஸ் என்னும் மருத்துவர் 1889ஆம் ஆண்டிலேயே விவரித்துள்ளார். சென்னையில் பணியாற்றிய ஹென்றி கிர்க்பேட்ரிக், அங்கு பரவிய இத்தகைய நோயைப் பற்றி 1920இல் பிரித்தானியக் கண் மருத்துவ இதழில் எழுதினார். 1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றாகும். ஆகவே, சென்னை மருத்துவர்கள் இந்நோயைத் தொடக்கக் காலத்திலேயே பதிவு செய்தனர் என்பது வரையில் சரி.

திடீரெனப் பரவும் கண்வலிக்கு மக்கள் அந்தந்தக் காலத்துப் பேச்சிலிருந்தே பெயர் எடுத்துக்கொண்டுள்ளனர். 1969இல் கானா நாட்டில் குருதிக் கசிவுடன் கூடிய புதியதொரு கண்வலி பரவியபோது, மனிதன் நிலவில் இறங்கிய ஆண்டு அது என்பதால், அதற்கு அப்பல்லோ 11 நோய் என்று பெயராயிற்று. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தில் அகதிகளிடையே பரவிய கண்வலி 'ஜாய் பங்ளா' எனப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் பரவிய அடினோ தீநுண்மக் கண்வலிக்குக் கப்பல்தளக் கண் என்று பெயர். தொழிலாளர்கள் கண்ணில் விழுந்த தூசியை எடுத்துக்கொள்ளச் சென்ற மருந்தகங்களே அதைப் பரப்பின என்பது குறிப்பிடத்தக்கது. இன்றும் கண் மருத்துவமனைகளில் கருவிகளும் கைகளும் தூய்மையாக இல்லையெனில் அங்கிருந்தே நோய் பரவக்கூடும்.

நோய்க் காரணிகளும் அறிகுறிகளும்

தீநுண்மங்களால் வரும் கண்வலியில் பெரும்பகுதிக்கு அடினோ தீநுண்மமே காரணம். தொற்றிய 5 முதல் 12 நாட்களில் நோய் வெளிப்படும். முதலில் ஒரு கண் சிவக்கும். சில நாட்களில் மறு கண்ணுக்கும் பரவும். கண்ணிலிருந்து வருவது பெரும்பாலும் நீராகவே இருக்கும். காதுக்கு முன்னே நெறி கட்டுதல், தொண்டை வலி, காய்ச்சல் ஆகியனவும் சிலருக்கு உண்டு. சில வகைகளில் நோய் தணிந்த பின் கருவிழியில் வெண்புள்ளிகள் தோன்றி, பல வாரங்களோ மாதங்களோ பார்வையை மங்கலாக்கும். இவை பெரும்பாலும் மெல்ல மறைந்துவிடும்.

என்டெரோ தீநுண்மம் 70, காக்சாக்கி ஏ24 ஆகிய இரண்டும் குருதிக் கசிவுக் கண்வலியை உண்டாக்குவன. இவை தொற்றிய ஓரிரு நாட்களிலேயே நோயை வெளிப்படுத்தும். கண்ணின் வெண்பகுதியில் குருதித் திட்டுகள் தோன்றுவதால் காண்போர் அஞ்சுவர். ஆயினும் பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் தணிந்துவிடும்.

பாக்டீரியாவால் வரும் கண்வலியில் மஞ்சளான, கெட்டியான பீளை மிகுதியாக வரும். ஒவ்வாமையால் வருவதில் அரிப்பே முதன்மையானது. இரு கண்களும் ஒருசேரப் பாதிக்கப்படும். அது பிறருக்குத் தொற்றாது. வெப்பம் மிகுந்த நாடுகளில் பள்ளி வயதுச் சிறுவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் கண் அரிப்பு இவ்வகையைச் சேர்ந்தது. அதனை மெட்ராஸ் ஐ என்று கருதி ஒவ்வோர் ஆண்டும் சிறுவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவைப்பது தேவையற்றது.

சிவந்த கண் எல்லாம் மெட்ராஸ் ஐ அன்று

ஊரெங்கும் கண்வலி பரவியிருக்கும் காலத்தில், கண் சிவந்த எவருக்கும் அதே நோய் என்று முடிவு கட்டிவிடுவது இயல்பு. இதில்தான் இடர் உள்ளது. கருவிழிப் புண், கதிராளி அழற்சி, திடீர்க் கண் அழுத்த நோய் ஆகியவற்றிலும் கண் சிவக்கும். இவற்றில் சிகிச்சை தாமதமானால் பார்வையே பறிபோகலாம்.

மெட்ராஸ் ஐ வந்தவருக்கு உறுத்தல் இருக்கும். கடும் வலி இராது. பீளையைத் துடைத்த பின் பார்வை பெரும்பாலும் தெளிவாக இருக்கும். சிவப்பு இமைப்பக்கம் மிகுந்தும், கருவிழியை நெருங்க நெருங்கக் குறைந்தும் காணப்படும். மாறாக, சிவப்பு கருவிழியைச் சுற்றி வளையம் போல் அமைந்திருந்தாலோ, வெளிச்சத்தைப் பார்க்கவே இயலாமல் கூச்சம் இருந்தாலோ, கண்மணி இரண்டும் ஒரே அளவில் இல்லாவிட்டாலோ அது வேறு நோய் என்றே கொள்ள வேண்டும். விளக்கைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரிதல், தலைவலி, வாந்தி ஆகியன திடீர்க் கண் அழுத்த நோயின் அறிகுறிகள். வாந்தியை முன்னிட்டு வயிற்றுக்கு மருத்துவம் பார்த்துக் காலம் கடத்துவதும் உண்டு.

கருவிழிப் புண் தென்னிந்தியாவில் தனிக் கவனத்திற்கு உரியது. கதிர் அறுக்கும்போதோ களத்தில் தூற்றும்போதோ நெல் உமி, தாள், மண் முதலியன கண்ணில் பட்டு ஏற்படும் சிறு கீறலில் பூஞ்சை தொற்றிக்கொள்ளும். மதுரையில் நடத்தப்பட்டு 1997இல் வெளியான ஓர் ஆய்வில், கருவிழிப் புண்களில் பாக்டீரியாவால் வந்தவையும் பூஞ்சையால் வந்தவையும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. கண்ணில் அடிபட்ட ஓரிரு நாட்களில் சிவப்பும் வலியும் தோன்றி, கருவிழியில் வெண்மையாக ஒரு புள்ளி தெரிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒட்டுவில்லை அணிவோருக்குக் கண் சிவந்தாலும் இதே விதி பொருந்தும். வில்லையை உடனே கழற்றிவிட வேண்டும். பிறந்த குழந்தையின் கண்ணில் முதல் மாதத்தில் சீழ் வருவது எப்போதும் அவசர நிலையாகும். சுண்ணாம்பு, அமிலம் போன்றவை கண்ணில் பட்டால் மருத்துவரைத் தேடிப் புறப்படுவதற்கு முன்பே, தூய நீரால் அரைமணி நேரமேனும் விடாது கழுவ வேண்டும்.

சிகிச்சை

அடினோ தீநுண்மத்தை அழிக்க வழக்கில் உள்ள மருந்து ஏதும் இல்லை. தூய துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய இமைமேல் வைத்தல், செயற்கைக் கண்ணீர் எனப்படும் சொட்டு நீர்மம், தேவையெனில் வலிக்குப் பாராசிட்டமால் ஆகியவை போதுமானவை. நுண்ணுயிர் எதிர்ப்பிச் சொட்டு மருந்துகள் பாக்டீரியாவை அழிப்பன. தீநுண்மத்தை ஒன்றும் செய்யா. ஆயினும் மருந்திட்ட சில நாட்களில் நோய் தானே தணிந்துவிடுவதால், மருந்தே குணப்படுத்தியது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

இதைவிடக் கவலைக்குரியது ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்துகள். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்றவை அழற்சியை அடக்குவதால் ஒரே நாளில் சிவப்பு குறைந்து, கண் தெளிந்தது போல் தோன்றும். ஆனால் தொற்று உள்ளே தொடர்கிறது. பூஞ்சைப் புண்ணோ, ஹெர்பீஸ் தீநுண்மத்தால் வந்த புண்ணோ இருக்கும் கண்ணில் இம்மருந்தை இட்டால், புண் விரைந்து பரவிக் கருவிழியே துளைபடக்கூடும். பல வாரங்கள் தொடர்ந்து இட்டால் கண் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு பாதிக்கப்படும், கண்புரையும் வரும். அழுத்த உயர்வு வலியின்றி நிகழ்வதால் பார்வை குறுகிய பின்னரே தெரியவரும். அரிப்பு வரும்போதெல்லாம் பழைய சீட்டைக் காட்டி இம்மருந்தை வாங்கி இடும் சிறுவர்களுக்கு இவ்வாறு நேர்வதுண்டு. கருவிழியில் புள்ளிகள் தோன்றிப் பார்வை மங்கும்போது ஸ்டீராய்டு தேவைப்படலாம். அது கண்ணை ஆராய்ந்த மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. ஸ்டீராய்டோ நுண்ணுயிர் எதிர்ப்பியோ அடங்கிய கண் மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதற்கு இந்திய மருந்துச் சட்டம் இடம் தரவில்லை. நடைமுறையில் அவை மருந்துக் கடைகளில் கேட்டவுடன் கிடைப்பதுண்டு.

தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய், பன்னீர் முதலியவற்றைக் கண்ணில் விடும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. இவற்றைக் கொடுப்போரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. எனினும் இவை கிருமி நீக்கப்பட்டவை அல்ல; கீறல் உள்ள கண்ணில் புதிய தொற்றைக் கொண்டு சேர்க்கும்.

மருத்துவர் முதலில் எழுத்துப் பலகையைக் கொண்டு பார்வையைச் சோதிப்பார். பின்னர் பிளவு விளக்கு என்னும் கருவியால் கண்ணை உருப்பெருக்கிப் பார்ப்பார். ஃபுளோரசின் என்னும் சாயத்தை இட்டு நீல ஒளியில் நோக்கினால், கருவிழியில் புண் உள்ள இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். வெறும் கண்ணால் காண இயலாத புண் இதில் புலப்படும் என்பதால், இந்தச் சில நிமிடச் சோதனையை மருந்துக் கடையின் அறிவுரை ஈடுசெய்யாது. தமிழகத்தில் அரசு மருத்துவமனைகளின் கண் பிரிவுகளில் இதற்கான வசதி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் கண் மருத்துவ உதவியாளர்கள் உள்ளனர்.

பரவுதலும் தடுப்பும்

நோயாளியின் கண்ணைப் பார்ப்பதால் நோய் தொற்றாது. கறுப்புக் கண்ணாடி அணிவது கூச்சத்தைக் குறைக்கவும், கண்ணைத் தொடாமல் இருக்க நினைவூட்டவுமே பயன்படுகிறது. தொற்று பரவுவது கண்ணைத் தொட்ட கை, துண்டு, தலையணை உறை, கைப்பேசி, கதவுப்பிடி ஆகியவற்றின் வழியாகும். அடினோ தீநுண்மம் உலர்ந்த பரப்புகளில் பல நாட்கள், சில வேளைகளில் வாரக்கணக்கில், உயிர்ப்புடன் இருக்கும். சாராயம் கலந்த கை கழுவு நீர்மங்களுக்கு எளிதில் அழியாது. சோப்பிட்டு நன்கு தேய்த்துக் கழுவுவதே நலம்.

பள்ளிகள், விடுதிகள், சிறைகள் போன்ற நெருக்கமான இடங்களில் இது விரைந்து பரவும். 2022 நவம்பரில் தமிழகத்தில் பெருமளவில் பரவியபோது நாள்தோறும் 4,000 முதல் 4,500 பேர் வரை பாதிக்கப்படுவதாக மாநில மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சர் தெரிவித்தார். 2023 சூலை, ஆகத்து மாதங்களில் தில்லி, மகாராட்டிரம் உட்பட நாட்டின் பல பகுதிகளில் மீண்டும் பரவியது.

கண்ணில் நீர் வடிதலும் சிவப்பும் நிற்கும் வரை நோயாளி பள்ளிக்கும் பணிக்கும் செல்லாதிருத்தல் நல்லது. இது இரண்டு வாரங்கள் வரை ஆகலாம்; நாட்கூலி பெறுவோருக்கு இது எளிதன்று. ஒரு வீட்டில் இருவருக்கு நோய் வந்தாலும் ஒரே சொட்டு மருந்துக் குப்பியைப் பகிர்தல் கூடாது. குப்பியின் முனை இமையில் படாமல் சொட்டு விட வேண்டும். திறந்து நான்கு வாரங்கள் ஆன குப்பியை, மருந்து மீதமிருந்தாலும் எறிந்துவிட வேண்டும்.