கண்ணுக்கு எட்டிய மலை

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால், "இந்த ஆண்டு எங்கே போகலாம்?" என்ற பேச்சு வீடுதோறும் எழுகிறது. சிலர் காசிக்குப் போகவேண்டும் என்பர். சிலர் கடல் கடந்து செல்ல ஆசைப்படுவர். தொலைவில் இருப்பதுதான் பார்க்கத் தக்கது என்ற எண்ணம் நம் மனத்தில் எப்படியோ வேரூன்றிவிட்டது. தம் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் தெரிகின்ற ஒரு மலையையே வாழ்க்கையின் குறிக்கோளாகக் கொண்ட ஒரு தம்பதியரின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் கோடையைக் கழிப்பதற்காகத் தேடிய இடம் ஒரு நாட்டுப் பகுதியின் தலையெழுத்தையே மாற்றியது. அந்த மாற்றத்தால் பயன் அடைந்தவர் யார், அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

முதலில் நிலத்தின் இயல்பைக் காண்போம். கொங்கு நாட்டின் நடுவே, நொய்யலாற்றங்கரையில் கோயமுத்தூர் அமைந்திருக்கிறது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்திருப்பதால், வைகாசி பிறந்து தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் ஊர் குளிர்ந்துவிடுகிறது. ஆனால் அதற்கு முந்திய பங்குனி, சித்திரை மாதங்களில் வெயிலின் கொடுமை மிகுதி. அந்த நாட்களில் வானம் தெளிவாக இருந்தால், வடக்கே நீலநிறத்தில் ஒரு நெடுஞ்சுவர் போல மலைத்தொடர் ஒன்று தோன்றும். அதுவே நீலகிரி. கோயமுத்தூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலமோ 2,200 மீட்டருக்கும் மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும் என்பது நீங்கள் பூகோளப் பாடத்தில் படித்ததுதான். ஆகவே, கீழே மண் கொதிக்கும்போது மேலே குளிர் வாட்டுகிறது. இன்று மோட்டார் வண்டியில் சில மணி நேரத்தில் இந்தத் தூரத்தைக் கடந்துவிடுகிறோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை அப்படி இல்லை.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கொங்கு நாடு கிழக்கிந்தியக் கும்பெனியாரின் ஆட்சிக்கு உட்பட்டது. ஜான் சல்லிவன் என்ற ஆங்கிலேயர் 1788-இல் இலண்டனில் பிறந்தவர். பதினைந்து வயதுச் சிறுவனாக இருந்தபோதே கும்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர். அவர் 1815-இல் கோயமுத்தூர் ஜில்லாவின் கலெக்டராகப் பொறுப்பேற்றார். நீலகிரி மலை அந்நாளில் தனி ஜில்லா அன்று. கோயமுத்தூர் ஜில்லாவின் ஒரு மூலையாக இருந்தது.

சல்லிவனே இம்மலையைக் கண்டுபிடித்தார் என்று பல நூல்கள் கூறும். அது பொருந்தாக் கூற்று. போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றினான் என்று 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று கூறுகிறது. 1603-இல் ஃபெனீசியோ என்னும் பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து மேலேறித் தோடரைக் கண்டு திரும்பினார். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் ஆகிய மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர். கும்பெனியின் ஆட்சியில் அம்மலை பவானி ஆற்றங்கரையிலிருந்த தணாயக்கன் கோட்டையைச் சார்ந்திருந்தது. அந்தக் கோட்டை இன்று பவானிசாகர் நீர்த்தேக்கத்திற்குள் மூழ்கிக் கிடக்கிறது. நீர் வற்றும் ஆண்டுகளில் அங்குள்ள பழைய கோயில் தலை காட்டும். ஆகவே சல்லிவன் கண்டது புதிய மலை அன்று. தமக்குப் புதிதான ஒரு பயனை அவர் அந்த மலையில் கண்டார்.

1818-இல் அவருடைய உதவி அதிகாரிகளான விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இருவர் மலைமேல் சென்று திரும்பி, அங்குள்ள குளிர்ச்சியை வியந்து கூறினர். சல்லிவனுக்கு ஆவல் பிறந்தது. 1819 ஜனவரியில் சிறுமுகையிலிருந்து ஒரு கூட்டத்தினருடன் புறப்பட்டு, காடும் பாறையும் கடந்து, கோத்தகிரிக்கு அருகே மேட்டு நிலத்தை அடைந்தார். அவ்வாண்டே மே மாதக் கோடையில் மறுபடியும் மலைக்குச் சென்றார். கோத்தகிரியை அடுத்த திம்பட்டிப் பகுதியில், கன்னேரிமுக்கு என்னும் இடத்தில் ஒரு சிறு மாளிகை எழுந்தது. அதைப் பெத்தக்கல் பங்களா என்று அழைத்தனர்.

1820-இல் சல்லிவனுக்கும் ஹென்ரியட்டா செசிலியா ஹாரிங்டன் என்னும் மங்கைக்கும் திருமணம் நடந்தது. அதன்பின் மலைப் பயணம் ஒரு குடும்பத்தின் வழக்கமாயிற்று. வண்டிப் பாதை இல்லாத காலம் அது. ஒருவர் மேலே போகவேண்டுமானால் நடக்கவேண்டும். அல்லது மட்டக்குதிரையில் ஏறவேண்டும். அல்லது ஆட்கள் சுமக்கும் பல்லக்கில் அமர வேண்டும். மலைமீது குடியேறிய முதல் ஐரோப்பியப் பெண்மணி என்று ஹென்ரியட்டாவைக் குறிப்பிடுவர். வரலாற்று நூல்கள் கணவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. மனைவிக்கு ஒரு வரியை ஒதுக்கின. ஆயினும், ஒரு தனி அதிகாரியின் கூடாரம் குடும்பத்தின் வீடாக மாறியது அந்த அம்மையார் வந்த பின்னர்தான் என்பதை நாம் மறத்தலாகாது.

கோத்தகிரியோடு சல்லிவனின் ஆவல் நிற்கவில்லை. மேற்கே இன்னும் உயரத்தில், புல்வெளிகளுக்கு நடுவே தோடர்களின் மந்து ஒன்று இருந்தது. மந்து என்பது தோடர் குடியிருப்பைக் குறிக்கும் சொல். உதகமண்டலம் என்ற ஊர்ப் பெயரின் கடைப்பகுதி அதிலிருந்தே பிறந்தது. அங்கே தோடர்களிடமிருந்து நிலத்தை வாங்கி, 1822-இல் ஒரு கல் வீட்டைக் கட்டத் தொடங்கினார். ஏக்கர் ஒரு ரூபாய் விலைக்கு வாங்கினார் என்று கூறுவர். அந்த வீட்டை ஊர் மக்கள் கல் பங்களா என்றனர். உதகையின் முதல் ஐரோப்பிய வீடு அதுவே. வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டார். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு முதலிய காய்கறிகளையும், ஆப்பிள், பீச் முதலிய கனிகளையும் பயிரிட்டுப் பார்த்தார். 1823 முதல் 1825 வரை ஓடைகளை மறித்து ஏரி ஒன்றை உண்டாக்கினார். இன்று நீங்கள் படகில் ஏறி மகிழ்கின்ற ஏரி அதுதான். 1826-இல் சென்னைக் கவர்னர் சர் தாமஸ் மன்றோவே அங்கு வந்து தங்கினார்.

நண்பர்களே, இதுவரை சொன்னது இன்பக் கதை. இனி அதன் மறுபக்கத்தைப் பார்ப்போம்.

சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் சென்ற மலைப்பாதை 1823-இல் நிறைவேறியது. அதை வெட்டியவர்களுள் சிறைக் கைதிகளும் இருந்தனர். காட்டுக் காய்ச்சல் மலிந்திருந்த அடிவாரத்தில் அவர்கள் பாறையை உடைத்தார்கள். அந்த வழியாகத் துரைமார்கள் நோய் தீர மலையேறினார்கள். ஒருவருடைய உடல் நலத்துக்கான பாதையில் மற்றொருவருடைய உடல் தேய்ந்தது.

அடுத்து நிலத்தைப் பற்றிய கேள்வி எழுந்தது. தோடர்களுக்கு எருமையே செல்வம். எருமைக்குப் புல்வெளியே உயிர். அவர்களுடைய வழிபாடும் பால் கறந்து வைக்கும் புனித மனைகளைச் சுற்றியே அமைந்தது. வேலி போட்ட வயல் அவர்களிடம் இல்லை. ஆதலால், வெறும் புல்வெளிதானே, யாருக்கும் சொந்தமில்லாத நிலம்தானே என்று வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தோன்றியது. சல்லிவன் இதை ஒப்பவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. இம்மலை நிலம் தோடர்களுக்கே முழு உரிமையானது, அதை எடுப்போர் அவர்களுக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்று அவர் மேலிடத்தாரிடம் வாதாடினார். கவர்னர் லஷிங்டன் முதலியோர் அதை மறுத்தனர். நெடுங்காலம் நடந்த வழக்காடலின் முடிவில், தோடருக்கு மேய்ச்சல் உரிமை உண்டே தவிர நிலத்தின்மேல் முழு உரிமை இல்லை என்ற கருத்தே அரசாங்கத்தில் நிலைத்தது.

இங்கே நாம் சற்று நிதானித்து எண்ணவேண்டும். தோடரின் உரிமைக்காகப் பேசியவரும் சல்லிவனே. அவர்களுடைய நிலத்தில் முதல் கல்லை நாட்டியவரும் சல்லிவனே. பரந்த நிலத்தைத் தமக்கென்று வைத்திருந்தவரும் அவரே. பிற்காலத்தில் கும்பெனியின் ஆட்சியைக் கடற்பஞ்சுக்கு ஒப்பிட்டு, கங்கைக் கரையின் வளத்தை உறிஞ்சித் தேம்ஸ் நதிக்கரையில் பிழிகிறது என்று கண்டித்தவரும் அவரே என்பர். அவரை வள்ளல் என்று போற்றிவிடுவதும் எளிது. கொள்ளையர் என்று தூற்றிவிடுவதும் எளிது. வரலாறு படிப்பவர் அந்த இரண்டு எளிய வழிகளிலும் போகக்கூடாது. நல்ல எண்ணம் உடைய ஒருவர் திறந்து வைத்த கதவின் வழியே, அந்த எண்ணம் இல்லாத ஆயிரம் பேர் நுழைய முடியும் என்பதே இதில் நாம் காணும் உண்மை.

அந்தக் குடும்பத்தின் இன்பமும் நீடிக்கவில்லை. 1830-இல் சல்லிவன் கோயமுத்தூர்க் கலெக்டர் பதவியை விட்டு நீங்கினார். பின்னர் சென்னையில் உயர்ந்த பதவிகளை வகித்தார். 1838-இல் மனைவி ஹென்ரியட்டாவையும், மகளையும் ஒரே ஆண்டில் இழந்தார். உதகையிலுள்ள புனித ஸ்தேவான் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் தாயும் மகளும் துயில்கின்றனர். 1841-இல் சல்லிவன் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். 1855-இல் இங்கிலாந்தில் மறைந்தார். நோயைத் தீர்க்கும் என்று நம்பித் தேடிய மலையிலேயே தம் அன்புக்குரியவர்களை மண்ணுக்குள் வைத்துவிட்டுப் போக நேர்ந்தது. அதிகாரம் எவ்வளவு இருந்தாலும் மனிதனின் துயரம் ஒன்றுதானே!

அவர் போனார், அவர் திறந்த பாதையில் கூட்டம் பெருகியது. 1843-இல் யூகலிப்டஸ் மரம் வந்தது. பின்பு சீகை மரமும் தேயிலையும் மலையைப் போர்த்தின. சோலைக் காடுகளும் புல்வெளிகளும் சுருங்கின. 1868-இல் நீலகிரி கோயமுத்தூரிலிருந்து பிரிக்கப்பட்டது. 1870 முதல் சென்னை அரசாங்கமே கோடையில் மலையேறத் தொடங்கியது. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் மலை ரயில் ஓடியது. உலகப் பாரம்பரியச் சின்னமாக 2005-இல் அந்த ரயில் பாதை ஏற்கப்பட்டது. சல்லிவன் தோட்டத்தில் பயிரான உருளைக்கிழங்கு மலைக் குடியானவர்களின் பெரும் பயிராகி, மேட்டுப்பாளையம் மண்டிகளில் மூட்டை மூட்டையாக ஏலம் போகிறது. மலையும் சமவெளியும் ஒன்றையொன்று நம்பி வாழும் நிலை உண்டாயிற்று. இதை நன்மை என்றே சொல்லவேண்டும்.

ஆனால், ஒரு குடும்பம் ஏறிய மலையில் இன்று ஒரு கோடையில் பல இலட்சம் பேர் ஏறுகிறார்கள். நெரிசல் தாங்காமல், உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் மின்னணு அனுமதிச் சீட்டுப் பெற்றே உதகைக்குள் நுழையவேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. மலைக்கு உரியவர்களான தோடர்களோ ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே இருக்கின்றனர். அவர்களுடைய கைத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கறுப்பும் சிவப்புமாக அவர்கள் தைக்கும் அந்தப் பூவேலையை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அவர்களுடைய மந்து எங்கே என்று கேட்டிருப்பார்கள்?

மாணவ நண்பர்களே! சல்லிவன் தம்பதியர் கோடையைக் கழித்த கன்னேரிமுக்கு மாளிகை இன்று பழுது பார்க்கப்பட்டு, நினைவகமாக விளங்குகிறது. உதகையின் கல் பங்களாவோ அரசு கலைக் கல்லூரியின் வளாகத்திற்குள் இருக்கிறது. ஒரு துரையின் கோடை வீடு இருந்த இடத்தில் இப்போது மலைநாட்டு ஏழை வீட்டுப் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். காலம் கணக்கைச் சரி செய்யும் முறைகளில் இதுவும் ஒன்று போலும்.

வரும் விடுமுறையில் நீங்கள் தொலைவான ஊருக்குப் போக முடியாவிட்டால் வருந்தாதீர்கள். உங்கள் வீட்டு வாசலில் நின்று வடக்கே பாருங்கள். கண்ணுக்கு எட்டிய அந்த மலைக்குள் தொள்ளாயிரம் ஆண்டுக் கல்வெட்டுச் செய்தி இருக்கிறது. கைதிகளின் வியர்வை இருக்கிறது. ஒரு தாய், மகள் இருவரின் கல்லறை இருக்கிறது. இன்னும் தீராத ஒரு நில வழக்கு இருக்கிறது. போய்ப் பாருங்கள். ஆனால் விருந்தினராகப் போங்கள். எந்த ஊருக்குப் போனாலும், "இது யாருடைய வீடு?" என்று முதலில் கேட்டுக்கொண்டு உள்ளே நுழைவதுதான் நம் கொங்கு நாட்டுப் பெரியோர் நமக்குக் கற்றுத் தந்த மரியாதை.