பெரிய எழுத்து பெரிய ஆளுக்கா?

 

போன கிழமை வகுப்பில், குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வசனம் எழுதச் சொன்னோம். ஒரு பிள்ளை தோட்டத்தின் பெயரைக் கெப்பிட்டல் எழுத்தில் தொடங்கியிருந்தது. 'சுப்பிரின்டென்டன்' என்ற சொல்லும் கெப்பிட்டலில். தன் அம்மாவின் பெயர் மட்டும் சிம்பிள் எழுத்தில். ஏன் என்று கேட்டோம். "அம்மா கொழுந்துதானே எடுக்கிறாங்க சேர். பெரிய எழுத்து பெரிய ஆளுக்குத்தானே?" என்றது.

பிழை பிள்ளையில் இல்லை. விதியைச் சொன்ன நாங்கள் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. தமிழ், சிங்களம், அரபு மூன்றிலும் கெப்பிட்டல், சிம்பிள் என்ற பிரிவே கிடையாது. குர்ஆனில் அல்லாஹ்வின் பெயருக்குக்கூடத் தனியான பெரிய எழுத்து இல்லை. அப்படியிருக்க, பிள்ளை தானாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. அதனால் அந்த வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறோம்.

பழைய ரோமர்கள் கல்லில் செதுக்கியது முழுக்கவும் இன்றைய கெப்பிட்டல் வடிவம்தான். ரோம் நகரில் கி.பி. 113இல் எழுப்பிய டிராஜன் தூணில் இன்றும் பார்க்கலாம். புத்தகங்களைக் கையால் பிரதி செய்தவர்கள் வேகமாக எழுத எழுத, எழுத்துகள் உருண்டு சிறுத்தன. 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் பேரரசர் ஷார்லமேன் காலத்தில் தெளிவான சிறிய எழுத்து ஐரோப்பாவில் பரவியது. கலீபா ஹாரூன் அல் ரஷீத் பக்தாதிலிருந்து யானை அனுப்பினாரே, அதே மன்னர்தான். பழைய பெரிய எழுத்து தலைப்புக்கும் வசனத் தொடக்கத்துக்கும் என்று நின்றது.

1476இல் கக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சகத்தைக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் அச்சுக்கோப்பவர்கள் பெரிய எழுத்துகளை மேல் பெட்டியிலும் சிறியவற்றைக் கீழ்ப் பெட்டியிலும் வைத்தார்கள். 'அப்பர் கேஸ்', 'லோவர் கேஸ்' என்ற பெயர்கள் அந்தப் பெட்டிகளால் வந்தவை.

விதியும் ஒரே மாதிரி இருக்கவில்லை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தில் பெரும்பாலான பெயர்ச்சொற்களைக் கெப்பிட்டலில்தான் தொடங்கினார்கள். 1787இல் எழுதிய அமெரிக்க அரசியலமைப்பைப் பார்த்தால் தெரியும். ஜெர்மன் மொழியில் இன்றும் அப்படித்தான். ஆங்கிலம் பின்னால் அதைக் கைவிட்டது. ஆனால் ஒருவருக்கே, ஓரிடத்துக்கே உரிய பெயருக்கு மட்டும் விட்டுவைத்தது. 'நான்' என்பதற்கான 'ஐ' நிமிர்ந்து நிற்பதும் பெருமையால் இல்லை. தனியாக நின்ற ஒற்றைச் சிறிய எழுத்து கையெழுத்தில் தொலைந்துபோகாமல் இருக்க அதை நீட்டினார்கள் என்பார்கள்.

நம் தோட்டங்களையே எடுங்கள். கிளாஸ்கோ ஸ்கொட்லாந்து நகரம். பல்மோரல் அங்குள்ள அரச மாளிகை. வேவர்லி, வால்டர் ஸ்கொட் 1814இல் வெளியிட்ட நாவல். இவை கெப்பிட்டலில் தொடங்குவது பெயர் என்பதால் மட்டுமே. 'தோட்டம்' என்று பொதுவாக எழுதினால் சிம்பிள்தான். கொழுந்து எடுப்பவர், டீச்சர், சுப்பிரின்டென்டன் என்று தொழிலை மட்டும் சொன்னாலும் சிம்பிள்தான். அம்மாவின் பெயர் எப்போதும் கெப்பிட்டல். அது நாம் கொடுக்கும் சலுகை இல்லை, இலக்கணம்.

நம் ஊரில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். கிலோ குறைந்தால் அரைப்பேர். 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மலை மக்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 2003இன் சட்டம் வரும்வரை, பிரஜை என்று தாளில் பெயர் ஏறாதவர்கள் இருந்தார்கள். பெயரின் பெறுமதியை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

பெற்றாரிடம் ஒரு வேண்டுகோள். இன்றிரவு பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயர், கிழமை, மாதம், ஊர், தமிழ், இஸ்லாம் எல்லாம் கெப்பிட்டலில் தொடங்குகின்றனவா? பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியலையும் காட்டுங்கள். அது வாப்பாவின், அப்பாவின் பெயர்.

அந்தப் பிள்ளை அடுத்த நாள் அம்மாவின் பெயரைத் திருத்தி எழுதி வந்தது. முதல் எழுத்து இரண்டு கோட்டையும் தாண்டி நின்றது. நாங்கள் அதைத் திருத்தவில்லை.